நூறு சிசி வண்டியை மூணாறுக்குத் தயார் செய்தது

வண்டி பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி, எட்டு எச்.பி.யை ஒட்டிய சக்தி, நாலு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக், ஸ்போக் வீல். போக நினைத்த பாதை திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில், ராஜபாளையம், உசிலம்பட்டி, தேனி வழியாக போடிமெட்டு ஏறி மூணாறு. ஒருவழித் தூரம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தனி ஆள், ஒரு பை.

இதைச் சொன்னால் எங்கள் பக்கம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நூறு சிசி வண்டியெல்லாம் டவுனுக்குள்ள ஓட்டத்தான்டே. தூரம் போனா இன்ஜின் சூடாகி ஜாம் ஆயிரும்." சொல்கிறவர் பெரும்பாலும் அதே மாதிரி வண்டியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு திருச்செந்தூர் போய் வருகிறவராக இருப்பார்.

இந்த இன்ஜின் பயத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்ப்ளெண்டரில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், வெறும் 49.5 மி.மீ. உச்ச சக்தி தரும் 8,000 சுற்றில்கூட பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 13 மீட்டர்தான். ராயல் என்ஃபீல்டின் இப்போதைய 350 இன்ஜினில் ஸ்ட்ரோக் 85.8 மி.மீ. அது தன் உச்ச சக்தியைத் தரும் 6,100 சுற்றில் பிஸ்டன் 17 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. சத்தத்தைக் கேட்டு, சின்ன இன்ஜின் உயிரை விட்டு ஓடுகிறது என்று நினைக்கிறோம். உள்ளே நடப்பது வேறு. இதே குடும்பத்து இன்ஜின் 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100-ல் வந்தது, 1994-ல் ஸ்ப்ளெண்டருக்குப் போனது. இத்தனை வருடம் பால்காரர், தபால்காரர், பைனான்ஸ் வசூல்காரர் என்று எல்லோரும் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. அது காற்று. வண்டி வேகம் கூடக் கூட, காற்றை விலக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 60-ல் போவதற்கும் 80-ல் போவதற்கும் வேக வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் காற்றுக்காகச் செலவாகும் சக்தி இரண்டே கால் மடங்கைத் தாண்டிவிடும். 60-ல் இந்த இன்ஜின் பாதி பலத்தைக்கூடக் காட்ட வேண்டியதில்லை. 80-ல் கையில் இருப்பதில் பெரும்பகுதி போய்விடுகிறது. அப்புறம் லாரியை முந்தவோ எதிர்காற்றைச் சமாளிக்கவோ மிச்சம் இல்லை. அதனால் என் கணக்கு 55-லிருந்து 65-க்குள். நாலுவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-ல் அறிவித்த உச்ச வேகமே 80 தான். சட்டப்படி ஓட்டுகிற பெரிய வண்டிக்காரர் என்னைவிட மணிக்கு 15 கிலோமீட்டர் முன்னால் போவார், அவ்வளவுதான். சங்கரன்கோவில் ரோட்டில், மாடும் டிராக்டரும் குறுக்கே வரும் இடங்களில், அதுவும் கிடைக்காது.

ஆக இன்ஜினுக்கு நான் செய்த வேலை குறைவு. ஆயில் மாற்றினேன். 10டபிள்யூ30, அதோடு பைக் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாஸோ எம்ஏ என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். கிளட்ச் அதே ஆயிலில்தான் குளிக்கிறது, கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஏர் ஃபில்டர், பிளக் புதுசு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று.

டேப்பட், அதாவது வால்வுக்கு விட வேண்டிய மயிரிழை இடைவெளியைச் சரிசெய்வது மட்டும் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும் என்பதால் வண்டியை ராத்திரியே வண்ணாரப்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டேன். காலையில் மெக்கானிக் அண்ணாச்சி இடது பக்க மூடியைத் திறந்து, மேக்னட்டைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டும் 'டி' கோட்டைக் குறிக்கு நேராக நிறுத்தினார். மேலே இரண்டு டேப்பட் மூடிகளையும் கழற்றி, ஃபீலர் கேஜ் என்ற இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை உள்ளே விட்டு இழுத்துப் பார்த்தார். தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். எக்ஸாஸ்ட் பக்கம் நுழையவே இல்லை.

"டேப்பட் டப்பு டப்புன்னு அடிச்சா நான் பயப்பட மாட்டேன் தம்பி. சத்தமே இல்லாம ஓடுதுன்னு சந்தோசப்படுதீயளே, அப்பதான் வால்வு எரியும்" என்றார். காரணம் இருக்கிறது. இடைவெளி இல்லாவிட்டால் இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்தச் சின்ன இடுக்கு வழியே கசிந்து வால்வின் விளிம்பையே தின்றுவிடும். டவுனுக்குள் ஓட்டினால் இதற்குப் பல மாதம் ஆகலாம். மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போனால் சீக்கிரம் நடக்கும். நீண்ட பயணத்தில் இன்ஜின் போச்சு என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுவாகவோ ஆயில் குறைந்ததாகவோதான் இருக்கும் என்பது என் எண்ணம். இந்த வண்டியின் மொத்த ஆயிலே ஒரு லிட்டருக்கும் குறைவு. அதில் கால் லிட்டர் எரிந்துபோனால் அது சின்ன விஷயமில்லை.

நேரமும் பணமும் அதிகம் பிடித்தது பின்சக்கரத்தில். வண்டி நின்று கிளம்பும்போதெல்லாம் பின்னால் 'கடக்' என்று ஒரு தட்டு. ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தாலும் அதே தட்டு. செயின் தளர்வு என்று நினைத்து இழுத்து வைத்துக்கொண்டே இருந்தால் செயினும் பல்லும் தேய்வதுதான் மிச்சம். சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. ஸ்ப்ராக்கெட் தாங்கும் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே நாலு ரப்பர் கட்டைகள் உண்டு. இன்ஜினின் இழுப்பு சக்கரத்துக்கு முரட்டுத்தனமாகப் போகாமல் வாங்கிக்கொள்வது அவைதான். எங்கள் கடைகளில் ஹப் ரப்பர் என்பார்கள். என் வண்டியில் நாலும் கட்டியாகி, ஓரம் உதிர்ந்து, குழிக்குள் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் திணித்திருந்தது. யாரோ முன்பு செய்த வைத்தியம். சில மாதங்களுக்குத் தட்டல் கேட்காது, அப்புறம் டியூப் நசுங்கிப் பழைய கதைதான். புது ரப்பரின் விலை ஒரு பிரியாணி விலைகூட வராது.

ரப்பரை ஹப்பில் அழுத்திப் பொருத்தியபின் தட்டை வைத்து இரண்டு கையாலும் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. புதுசில் அப்படித்தான் இருக்க வேண்டும், ரப்பர் கையால் தள்ளித்தான் உள்ளே போக வேண்டும்.

சக்கரம் வெளியே இருக்கும்போதே பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்றினால் மணல் நெறிபடுவது போல் ஒரு உணர்வு இருந்தது, மாற்றியாயிற்று. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் முனையைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் கொஞ்சம் ஆட்டம். புஷ் போடச் சொன்னேன். "டவுனுக்குள்ள இதுக்கு ஒண்ணும் தெரியாது. வளைவுல ஐம்பதுல சாயும்போது பின்னாடி யாரோ பிடிச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும்" என்றார் அண்ணாச்சி. ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். இறுகியது 'டிங்' என்கும், தளர்ந்தது 'டொக்' என்கும். டொக் என்றவற்றைத் திருகி, ரிம் வளைவையும் எடுத்தார்.

பிரேக்தான் மலைக்குப் போகிறவனுக்கு உயிர். 130 மி.மீ. டிரம். ஷூ கட்டை இன்னும் பாதி இருந்தது, ஆனால் மேற்பரப்பு கண்ணாடி போல் மினுங்கிப் போயிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தாலே கொஞ்ச நாள் ஓடும். மலைக்காக இரண்டு பக்கமும் புதுசு போட்டுவிட்டேன். அதைவிட முக்கியமானது ஷூவை விரிக்கும் கேம் அச்சு. கிரீஸ் காய்ந்து மண்ணோடு சேர்ந்து இறுகியிருந்தது. பிரேக்கை விட்டபிறகும் ஷூ முழுதாகத் திரும்பாமல் டிரம்மை உரசிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். மைலேஜும் போகும், டிரம்மும் சும்மாவே சூடாகும். அச்சைத் தட்டிக் கழற்றி, துடைத்து, ஒரு பொட்டு கிரீஸ். கூடினால் சூட்டில் உருகி ஷூவில் ஒழுகும்.

இந்த நேரத்தில்தான் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை முறைக்காரன் ஒருவன் முன்பக்க ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் போடச் சொன்னான். "டாப் கியர்ல இன்னும் அஞ்சு கிலோமீட்டர் ஏறும் மாமா, சத்தமும் குறையும்." தூரம் போகிற பலரும் செய்கிற மாற்றம்தான். சமதளத்தில், காற்றில்லாத நாளில், அவன் சொல்வது சரி. ஆனால் எங்கள் ஊர்ச் சாலைகளை நினைத்துப் பாருங்கள். கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைக் காத்தாடிகளை நட்டு வைத்திருப்பது அழகுக்கா? ஆனி, ஆடியில் காவல்கிணறிலிருந்து ஆரல்வாய்மொழி பக்கம் திரும்பினால் கணவாய்க்குள்ளிருந்து வரும் காற்று நேர் எதிரே நிற்கும். இருக்கிற பல்லிலேயே டாப் கியர் தாங்காமல் மூன்றாவதுக்கு இறங்க வேண்டியிருக்கும். பல்லைக் கூட்டினால் நாலாவது கியர் பெயருக்கு மட்டும் இருக்கும். மலையில் முதல் கியரும் நீண்டுவிடும், கிளட்ச்தான் பலியாகும். எட்டு எச்.பி. வண்டியில் கம்பெனி போட்ட பல்லை மாற்றாமல் விடுவதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

பக்கக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் எடை 112 கிலோ. நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் வண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே நேராகப் போக வேண்டும். பஸ் ஒன்று பக்கத்தில் வந்து காற்றை மறைத்துவிட்டு விலகினால் ஒரு கணம் அந்தப் பக்கம் இழுத்து, மறு கணம் தள்ளும். சின்ன வண்டியின் நிஜமான குறை இது, சிசியால் வருவதில்லை, எடையால் வருவது. நான் ஆடியில் அந்தப் பக்கம் போகவே மாட்டேன். மூணாறுக்கும் பொங்கல் கழித்துத்தான் கிளம்பினேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வெயிலும் ஏறாத நேரம்.

டயர் விஷயத்தில் பட்டன் ஆழத்தை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். என் முன்டயரில் பட்டன் நன்றாக இருந்தது, வயதுதான் ஏறிப்போயிருந்தது. ஓரத்தில் மயிரிழைபோல் வெடிப்பு. மாற்றினேன். டியூப் டயர் என்பதால் உபரியாக ஒரு டியூபும் கைப்பம்பும் பையில். ஸ்ப்ளெண்டரின் ஒரு வசதி, முன்னும் பின்னும் 18 அங்குல ரிம், ஒரே டியூப் இரண்டுக்கும் ஆகும். அதோடு ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், ஒரு செயின் லாக்.

சீட் வேலையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பழைய ஸ்பான்ஞ்ச் நடுவில் குழிந்து, அடித்தகடு எலும்பில் படும் அளவுக்கு வந்திருந்தது. பாளையங்கோட்டையில் குஷன் கடையில் கெட்டி ஸ்பான்ஞ்ச் வைத்துத் தைத்து வாங்கினேன். மெத்தென்று வேண்டும் என்று கேட்காதீர்கள். மெத்தென்றது முதல் ஒரு மணி நேரம்தான் சுகம். கெட்டியானதில் கடைசிவரை உட்காரலாம். பையை இடது பக்கம் சேலை கார்டில் அணைத்துக் கட்டினேன், வலது பக்கம் சைலன்சர். தூரம் போவதற்கென்றே விற்கும் உதிரிச் சாமான்களில் இந்தக் கம்பிக்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை.

ஹெட்லைட்டை மாற்றவில்லை. இந்தப் பழைய மாடலில் 35 வாட் பல்புக்கு மின்சாரம் நேரே மேக்னட் காயிலிலிருந்து வருகிறது. சுற்று குறைந்தால் வெளிச்சமும் மங்கும். மலை வளைவில் முதல் கியரில் ஊரும்போது, வெளிச்சம் அதிகம் தேவைப்படும் அந்த இடத்தில்தான், அது மெழுகுவர்த்தி ஆகிவிடும். எல்இடி பல்பை அப்படியே மாட்டினால் மினுக்மினுக் என்று அடிக்கும். ஒழுங்காகச் செய்ய காயில், ரெக்டிஃபையர் வரை கைவைக்க வேண்டும். இருட்டுக்கு முன் தங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டால் அந்தச் செலவு மிச்சம்.

கிளம்பியது விடியற்காலை. ராஜபாளையம் வரை சொல்ல ஒன்றுமில்லை, இடது பக்கம் மலை கூடவே வந்தது, வண்டி 60-ல் முனகாமல் ஓடியது. ஹப் ரப்பரின் பலன் சங்கரன்கோவிலுக்குள் நின்று நின்று போகும்போதே தெரிந்தது, தட்டு அறவே இல்லை. மணிக்கொரு முறை நிறுத்தி ஐந்து நிமிடம் நடந்தேன். அது இன்ஜினுக்காக இல்லை, இடுப்புக்காக. ஓடும் வண்டியில் காற்று பட்டுக்கொண்டே இருப்பதால் ஏர்கூல் இன்ஜின் சீரான வேகத்தில் நன்றாகவே சூட்டை விடுகிறது. அது திணறுவது நெரிசலிலும் கனத்தோடு மலை ஊரும்போதும்தான்.

ஆண்டிப்பட்டிக் கணவாயில் மூன்றாவது கியர் போதுமாக இருந்தது. போடியைத் தாண்டி, முந்தல் செக்போஸ்ட்டிலிருந்து நிஜமான ஏற்றம். 17 கொண்டை ஊசி வளைவுகள். நேர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முப்பதைத் தொட்டுக்கொண்டு போனது, வளைவுக்கு முன்பே குதிகாலால் மிதித்து முதல் கியர். வளைவுக்குள் போனபிறகு கியர் மாற்றப் பார்த்தால் வண்டி அங்கேயே மூச்சை விட்டுவிடும். பின்னால் வரும் ஜீப்காரர்களுக்கு வழி விட்டுவிட்டால் அவசரமே இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற அந்த ஜீப்புகளோடு போட்டி போட எந்த சிசியும் போதாது.

உயரம் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தி குறையும், காற்று மெலிவதால். மூணாறு 1,500 மீட்டருக்கு மேல். எட்டு எச்.பி. அங்கே ஏழுக்கும் கீழே வந்துவிடும். கார்புரேட்டர் வண்டி என்பதால், காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவு போய், கலவை கெட்டியாகும். பூப்பாறை தாண்டியபின் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வண்டி கிளம்பியது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 விதியால் வந்த இன்ஜெக்‌ஷன் ஸ்ப்ளெண்டர்களில் இந்தக் கலவைக் கோளாறு இருக்காது, சக்திக் குறைவு அவற்றுக்கும் உண்டு.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் இந்த வண்டியின் எல்லை தெரிந்தது. திரும்பும்போது போடிமெட்டிலிருந்து கீழே இரண்டாவது கியரிலேயே, இன்ஜின் பிடிப்பில் இறக்கினேன். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே வராமல் வளைவுக்கு முன் ஒரு அழுத்து, விடு. அப்படியும் பாதி வழியில் கருகல் வாடை வந்தது. டிரம் சூடானால் விரிந்து ஷூவைவிட்டு விலகும், லிவர் வழக்கத்தைவிட உள்ளே போகும். முன் லிவர் அப்படி உள்ளே போனதும் ஓரமாக நிறுத்திவிட்டேன். டிரம்மின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது, தானாக ஆற வேண்டும். அரைமணி நேரம் காத்திருந்தபிறகு பழைய பிடிப்பு வந்தது. நான் தனி ஆள். பின்னால் ஒருவர், இரண்டு பை என்றால் இதே இறக்கத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஏற்றத்தில் இரண்டு பேரையும் இன்ஜின் முனகிக்கொண்டாவது மேலே சேர்த்துவிடும். கீழே கொண்டுவர இந்த டிரம்மை நான் நம்ப மாட்டேன்.

அதனால் யாராவது கேட்டால், தனியாக, பகலில், ஒரு நாளைக்கு 250, 300 கிலோமீட்டர் என்றால் தாராளமாகப் போங்கள் என்பேன். குடும்பத்தோடு மலை என்றால் டிஸ்க் பிரேக் உள்ள 125, 150 எடுங்கள், அல்லது போடியிலிருந்து பஸ் ஏறுங்கள். ஒரே நாளில் திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு என்பவர்களுக்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. அதைப் பெரிய வண்டியில் செய்வதும் எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

பெட்ரோல் போக வர பத்து லிட்டருக்குள் அடங்கியது. லிட்டருக்கு அறுபதை ஒட்டி வந்திருக்கிறது, மலையையும் சேர்த்து. திரும்பி வந்து வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டுப் பார்த்ததில் ஆயில் குச்சியில் மேல் கோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கியிருந்தது, கீழ்க் கோட்டுக்கு வரவில்லை. செயின் ஓரளவு தளர்ந்திருந்தது, இழுத்தாயிற்று. பிரேக் ஷூவைக் கழற்றித் திரும்பவும் தேய்த்தேன், மேலே மறுபடி மினுக்கம் ஏறியிருந்தது. புதிதாக வந்த வேலை ஒன்று உண்டு, வலது பக்க ஃபோர்க்கில் ஆயில் கசிவு. அண்ணாச்சி விரலால் துடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சீல் போச்சு. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதிய, ரெண்டையும் மாத்திருவோம். வியாழக்கிழமை வண்டிய விடுங்க" என்றார்.